அகதி விஞ்ஞானியும் அகதி வைத்தியரும்

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது பேர்ளினை இழந்த யூத அறிஞர்களுள் இருவர், பௌதிகவியலாளர் அல்பேர்ட் ஐன்ஸ்டீனும் சத்திரசிகிச்சை நிபுணர் றூடோல்ப் நிசனுமாவர். முன்னவர் அமெரிக்காவின் பிறின்ஸ்டன் நகரிலும் பின்னவர் இஸ்தான்புல்லிலும் தஞ்சமடைந்தனர். 1939இல் நிசனும் அமெரிக்கா சென்றார்.

1948 டிசம்பரில் புறூக்ளின் யூத வைத்தியசாலையில், வயிற்று வலியால் வருந்திய ஐன்ஸ்டீனுக்கு நிசன் சத்திரசிகிச்சை செய்தார். இருதயத்திலிருந்து வயிற்றினூடாக இறங்கும் பெருநாடி, பெரிய தோடம்பழமளவு வீங்கியிருந்தது. வீங்கிய பகுதியை வெட்டியகற்றி வேறு நாடி பொருத்தும் சிகிச்சை 1951இலேயே பரிஸில் வெற்றி கண்டது. ஆகவே நிசன் வீக்கத்தைச் செலோபேன் தாளினால் சுற்றினார். தாளின் உறுத்தலால் தழும்புத் திசு வளர்ந்து நாடிச் சுவரைத் தாங்கும் என்பது அக்கால நம்பிக்கை.

அதன் பின்னர் ஐன்ஸ்டீன் ஆறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1952இல் தேடிவந்த இஸ்ரேலிய ஜனாதிபதி பதவியை மறுத்தார். 1955 ஏப்ரல் 11ஆம் திகதி, அணுவாயுதப் போருக்கெதிரான பேட்ரண்ட் ரசலின் அறிக்கையில் கையொப்பமிட்டார். சில நாட்களில் பெருநாடி கசியத் தொடங்கியது. நியூயோர்க்கிலிருந்து வந்த நிபுணர் பிராங் கிளென் சத்திரசிகிச்சை பற்றி ஆலோசித்தார். செயற்கையாக ஆயுளை நீட்ட விரும்பாத ஐன்ஸ்டீன் அதற்கு இணங்கவில்லை; தமது கணக்குத் தாள்களையே கேட்டுப் பெற்றார். 18ஆம் திகதி அதிகாலை, 76ஆவது வயதில் காலமானார். இறுதியாக அவர் யேர்மன் மொழியில் முணுமுணுத்த சொற்கள், அம்மொழி அறியாத தாதிக்கு விளங்கவில்லை.

1990இல் ஆர்ஜென்டீன வைத்தியர் யுவான் பரோடி, வயிற்றைத் திறவாமல் தொடை இடுக்கின் நாடி வழியே உலோகச் சட்டமுள்ள துணிக்குழாயைச் செலுத்தி, வீக்கத்தின் உள்ளே இரத்தத்துக்குப் புதிய பாதை அமைத்தார். 1994இல் நொட்டிங்காம் வைத்தியர்கள் கசியும் பெருநாடிக்கும் அவசரமாக இம்முறையைக் கையாண்டதை அறிவித்தனர். இன்று பல நோயாளருக்கு, உடலின் அப்பகுதியை மட்டும் மரக்கச்செய்தே இதைச் செய்யமுடிகிறது. எனினும் எல்லோருடைய நாடி அமைப்பும் இதற்குப் பொருந்துவதில்லை. வெடித்தபின் வைத்தியசாலையை அடையுமுன்னரே இறப்போர் பலர்.

ஆகையால் முன்கூட்டியே அறிதல் நன்று. இந்நோய் புகைபிடித்த முதிய ஆண்களிடமே அதிகம். ஐன்ஸ்டீனும் சுங்கான் பிடித்தவரே. பிரித்தானியாவில் 65 வயதாகும் ஆண்களை ஸ்கான் பரிசோதனைக்கு அழைக்கின்றனர். அக்கடிதம் ஆங்கிலத்தில் வந்ததென்று நம் முதியோர் ஒதுக்கிவிடலாகாது. வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி எழுந்து மயக்கமும் வந்தால், உடனே அம்புலன்சை அழையுங்கள். மொழி தெரிந்த ஒருவர் உடன் செல்லட்டும். இல்லையேல் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அந்நிய மண்ணில் நோயாளியின் சொல் வைத்தியருக்கு விளங்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.