கப்பல் கட்டியவர் கட்டிய கல்லூரி



கப்பல் கட்டுவதைச் சொல்லித்தர ஒரு கல்லூரி, அதுவும் இலவசமாக! அதைத் தொடங்கிய வில்லியம் ஹென்றி வெப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

1816-ல் நியூயார்க்கில் பிறந்தவர் வெப். அப்பா ஐசக் பெயர் பெற்ற கப்பல் கட்டுநர். மகன் வேறு தொழிலுக்குப் போகட்டும் என்பது அப்பாவின் ஆசை. பையன் கேட்டால்தானே! பதினைந்து வயதில் அப்பாவின் பட்டறையிலேயே தொழில் பழகச் சேர்ந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் பட்டறைதான் பள்ளிக்கூடம். மரத்தில் சின்னதாக ஒரு மாதிரி செதுக்குவார்கள். அதன் அளவைப் பெரிதாக்கித் தரையில் முழு அளவுக்குக் கோடு போட்டு, அதற்கேற்ப மரம் அறுப்பார்கள். கண்ணும் கையும்தான் கணக்கு.

1840-ல் அப்பா காலமானார். இருபத்தைந்து வயதுகூட ஆகாத வெப்பின் தலையில் பொறுப்பு விழுந்தது. அவர் அசரவில்லை. சுமார் முப்பது வருடத்தில் 130-க்கும் மேற்பட்ட கப்பல்களைக் கட்டினார். 1851-ல் 'சேலஞ்ச்', 1853-ல் 'யங் அமெரிக்கா' என்று வேகமான பாய்மரக் கப்பல்கள். ரஷ்யக் கடற்படைக்கு 'ஜெனரல் அட்மிரல்' என்ற போர்க்கப்பல். அமெரிக்க உள்நாட்டுப் போருக்காக ஆரம்பித்த 'டண்டர்பெர்க்' கவசக் கப்பல் 1865-ல் நீரில் இறங்குவதற்குள் போரே முடிந்துவிட்டது! பிறகு அதை பிரான்ஸ் வாங்கிக்கொண்டது.

போருக்குப்பின் தொழில் நொடித்தது. இரும்பும் நீராவியும் மரக்கப்பலை ஓரங்கட்டின. வெப் பட்டறையை மூடினார். ஆனால் சேர்த்த பணத்தோடு ஒதுங்கிவிடவில்லை. 1889-ல் ஓர் அறக்கட்டளை அமைத்தார். 1894-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அதன் கட்டடம் திறக்கப்பட்டது. கப்பல் கட்டி உழைத்து ஓய்ந்த ஏழைத் தொழிலாளிகளுக்கு அங்கே புகலிடம். அதே கூரையின்கீழ் இளைஞர்களுக்குக் கப்பல் வடிவமைப்பும் கடற்பொறியியலும். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எங்க அப்பா கொத்தனார். தூக்குக்குண்டு பிடித்தாரென்றால் சுவர் நூல் பிசகாது. ஆனால் சூத்திரம் எதுவும் தெரியாது. அவர் கட்டிய பள்ளிக்கூடம் எதிலும் அவர் படித்ததில்லை. அதனால்தான் வெப் கட்டிய அத்தனை கப்பலையும்விட அந்த ஒரு கட்டடம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கைப்பழக்கத்தால் வாழ்ந்தவர்களையும் கணக்குப் படிக்க வந்தவர்களையும் அவர் பிரித்து வைக்கவில்லையே!

1899-ல் வெப் மறைந்தார். 1947-ல் கல்லூரி லாங் ஐலண்டிலுள்ள கிளென் கோவுக்கு இடம் மாறியது. அமெரிக்க மாணவர்களுக்கு அங்கே இன்றும் கல்விக் கட்டணம் கிடையாது.

அவர் கட்டிய மரக்கப்பல்கள் போய்விட்டன, கல்லூரி நிற்கிறது. நாளை நாமும் சம்பாதிப்போம். அன்று நம்மால் ஒரு பிள்ளையாவது ஃபீஸ் கவலை இல்லாமல் படிக்கட்டுமே, நண்பர்களே!