இதயத்தின் எரிபொருளைக் கண்டவர்

நம்முடைய இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நாம் உறங்கும்போதும் துடிக்கிறது. தேர்வு அறைக்குள் நுழையும்போது சற்றுக் கூடுதலாகவே துடிக்கிறது. 300 கிராம் எடையுள்ள இந்தத் தசைப்பிண்டம் ஓய்வின்றி உழைக்க ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளிலிருந்து என்று மேல்நிலை வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஏ.டி.பி. என்று சுருக்கமாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். ஆனால் அதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள பீமவரத்தில் அவர் பிறந்தார். குடும்பத்தில் வறுமை. படிப்பிலும் முதலில் பெரிய நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில், காசிக்கு வரும் யாத்திரிகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்று வீட்டை விட்டு ஓடிய பிள்ளை அவர்! பிடித்து இழுத்து வந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தவர் தாய் வெங்கம்மா. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை எழுதித் தேறினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தபின் அவர் விரும்பியது துறவு. இராமகிருஷ்ண மடத்தாரோ மருத்துவம் படித்துத் தொண்டு செய்யுமாறு வழிகாட்டினர். 1919இல் சேஷகிரி அம்மையாரை மணந்தார். மருத்துவப் படிப்புச் செலவுக்கு மாமனாரின் உதவி கைகொடுத்தது. அது ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்ட காலம். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, சுப்பாராவ் அறுவைக்கூடத்துக்கே கதராடையில் சென்றார். அறுவைத்துறை ஆங்கிலேயப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பயிற்றுவித்து நாள்களைக் கடத்தினார்.

இதற்கிடையே அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தனர். நோயின் பெயர் ஸ்புரூ. குடல் உணவை உறிஞ்சாமல், நிற்காத கழிச்சலும் இரத்தச்சோகையுமாக ஆளை உருக்கிவிடும் நோய் அது. சுப்பாராவையும் அது தாக்கி, பிழைக்கவிட்டது. அதற்கு அன்று உறுதியான மருந்து எவரிடமும் இல்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் உதவ, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டுச் சென்றார். பிறந்த மகன் குழந்தையாகவே இறந்துபோனான். தந்தை அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஹார்வர்டில் வெப்பநாட்டு நோய்கள் பற்றிய பட்டயம் பெற்றார். வயிற்றுப்பாட்டுக்கு ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளாக நோயாளிகளின் கழிகலங்களைத் துப்புரவு செய்தார். மருத்துவம் படித்தவர் செய்த வேலை இது!

பிறகு உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் ஒரு முறையை வகுத்து 1925இல் வெளியிட்டனர். அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து, ஒடுக்கி, தோன்றும் நீல நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் கணிக்கும் முறை அது. வேதியியல் மாணவனாகிய எனக்கு இந்த முறைமீது தனிப் பற்று உண்டு. உயிர்வேதியியல் செய்முறை நூல்களில் ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அவர் பெயர் இன்றும் நிற்பது இந்த ஓரிடத்தில்தான்.

அளக்கத் தெரிந்ததும் அடுத்த கதவு திறந்தது. தசையை ஆராயும்போது, எளிதில் சிதையும் ஒரு பாஸ்பரஸ் சேர்மம் அகப்பட்டது. அதுவே பாஸ்போகிரியேட்டின், ஆண்டு 1927. 1929இல் ஏ.டி.பி. வெளிப்பட்டது. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டு வெளியிட்டுவிட்டதால், பெரும்பாலான நூல்கள் அவரையே குறிக்கின்றன. லாக்டிக் அமிலமே தசைச் சுருக்கத்துக்கு விசை தருகிறது என்ற கொள்கைக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. பாஸ்போகிரியேட்டின் வந்தபின் அக்கொள்கை நிலைகுலைந்தது.

ஏ.டி.பி.யைக் கடைக்காரரின் கல்லாவில் உள்ள பணம் என்று கொண்டால், பாஸ்போகிரியேட்டின் அவர் மடியில் முடிந்து வைத்திருக்கும் சில்லறை. இதயத்தின் கல்லாவில் சில நொடிகளுக்கான பணமே எப்போதும் இருக்கும். செலவாகச் செலவாக உடனுக்குடன் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாளில் இதயம் ஆக்கி அழிக்கும் ஏ.டி.பி.யின் மொத்த எடை ஏறத்தாழ 6 கிலோ, அதாவது தன் எடையைப் போல இருபது மடங்கு. இரத்தக்குழாய் அடைபட்டால் தசை அத்தனை விரைவில் சாகத் தொடங்குவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி தரப்படவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் உள்ள லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கேதான் ஃபோலிக் அமிலம் பிடிபட்டது. இதன் முன்கதை இந்தியாவில் தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர், பம்பாயில் கருவுற்றிருந்த ஏழை ஆலைத் தொழிலாளிப் பெண்களின் இரத்தச்சோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதை 1931இல் எழுதியிருந்தார். சாற்றில் உள்ள பொருள் எதுவென்று தெரியவில்லை. 1941இல் வேறொரு குழுவினர் பசலையினக் கீரையிலிருந்து அதைப் பிரித்து, இலை என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லால் பெயரிட்டனர். சுப்பாராவின் குழு 1945இல் அதை ஆய்வகத்திலேயே செயற்கையாக ஆக்கிக் காட்டியது. அம்மருந்து ஸ்புரூ நோயாளிகளுக்குப் பயன்பட்டது. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

இங்கே கதையை நிறுத்திவிட்டு வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். என் தந்தையார் திருவண்ணாமலையில் மல்லாட்டை மண்டியில் மூட்டை தைப்பவர். சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து, மருத்துவமனையில் சேர்த்துப் பிழைத்தார். அதன்பின் தெரிந்தவர் ஒருவர், இதயத்துக்கு வலுவூட்டும் சத்துமாத்திரை என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். மாதம் 1,800 ரூபாய். ஃபோலிக் அமிலம், பி6, பி12, மீன் எண்ணெய் எல்லாம் அதில் உண்டு என்றார். அப்பாவின் கூலியில் அது எட்டு நாள் உழைப்பு. அம்மா தோட்டைக் கழற்றித் தரத் தயாராக இருந்தார். நான்தான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு வாரம் தவணை கேட்டேன். சுப்பாராவைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் மிகுந்தால் இரத்தக்குழாய் கெடும் என்று 1969இல் அமெரிக்க மருத்துவர் கில்மர் மெக்கல்லி கருதினார். ஃபோலிக் அமிலம் அப்பொருளைக் குறைக்கும் என்பது உண்மை. ஆகவே மாரடைப்பும் குறையும் என்று எல்லாரும் நம்பினர். 2006இல் இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. ஒன்றில் 5,522 பேர், மற்றொன்றில் 3,749 பேர். ஹோமோசிஸ்டீன் இறங்கியது, மாரடைப்பு இறங்கவில்லை. 2015இல் சீனாவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இரத்தக்கொதிப்பு நோயாளிகளிடம், கொதிப்பு மாத்திரையுடன் ஃபோலிக் அமிலமும் சேர்த்துக் கொடுத்தபோது பக்கவாதம் குறைந்தது. உணவில் அச்சத்து குறைந்திருந்தவர்களுக்கு அது பயன்பட்டது என்றே கொள்ள வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரையை 25,871 பேரிடம் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வும், பெரிய இதய நோய்களை அது தெளிவாகக் குறைத்ததாகக் காட்டவில்லை. இன்னொன்றும் உண்டு: பி12 குறைவாக உள்ளவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் விழுங்கினால், இரத்தச்சோகை மறைந்து நரம்புக் கேடு உள்ளே வளரும்.

டப்பா திரும்பிப் போயிற்று. மருத்துவமனையில் எழுதித் தந்த மாத்திரைகளை அப்பா ஒரு வேளை தவறாமல் விழுங்குகிறார்; பீடியை விட்டுவிட்டார். பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் முருங்கைக்கீரையும் வீட்டில் கூடின. நம் ஊர் மல்லாட்டையிலேயே 100 கிராமுக்கு ஏறத்தாழ 240 மைக்ரோகிராம் ஃபோலேட் இருக்கிறது. உப்பில் வறுத்ததை மட்டும் அப்பாவுக்குக் கொடுப்பதில்லை. கீரையை நீண்ட நேரம் வேகவைத்து நீரை வடித்தால் சத்தில் பெரும்பகுதி நீரோடு போய்விடும் என்று சொன்னபோது, அம்மா அதை ஏற்றுக்கொள்ள இரண்டு நாளாயிற்று.

ஃபோலிக் அமில மாத்திரை தேவைப்படுவோர் இல்லாமலில்லை. கருவுற்ற பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 60 மில்லிகிராம் இரும்புடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சேர்ந்த மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. குழந்தையின் முதுகெலும்புக் குறைபாட்டைத் தடுக்க, கருவுறும் முன்பிருந்தே அச்சத்து வேண்டும்.

சுப்பாராவின் குழு அதோடு நிற்கவில்லை. ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் கொண்டு, அதன் வேலையைத் தடுக்கும் போலிகளை ஆக்கினர். அவற்றுள் அமினாப்டெரினைக் கொண்டு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாகவேனும் தணித்து 1948 ஜூனில் அறிவித்தார். அதன் தம்பி மெத்தோடிரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் வழங்கப்படுகிறது. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரசான் 1947இல் வந்தது. நோய் பரவியிருந்த தமிழக மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுத்து விழுங்கச் சொன்ன டி.இ.சி. மாத்திரை அதுவே. டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைசினை, அவர் இயக்கிய ஆய்வகத்தில் முதியவர் டக்கர் கண்டார். அறிவிப்பு மேடையில் பெருமை டக்கருக்கே போகட்டும் என்று சுப்பாராவ் ஒதுங்கியே இருந்தார். ஒதுங்கியது பெருந்தன்மைதான், ஆயினும் அதனால் நமக்கு நேர்ந்த இழப்பை எண்ணும்போது எனக்குச் சற்று வருத்தமே.

1948 ஆகஸ்டில், உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். வயது 53. இதயத் தசையின் ஆற்றலைக் கண்டவரின் இதயம் அவ்வாறு நின்றது. அவர் பெயரால் ஒரு பூஞ்சைக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டனர். நூற்றாண்டை ஒட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. அமெரிக்கா சென்றபின் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. சேஷகிரி அம்மையார் கணவரை மீண்டும் காணவுமில்லை.