அரசியலறிஞர் பொன்னம்பலம் அருணாசலம்

நாகைக் கடற்கரையில் நிற்பார்க்கு இலங்கை அயல்நாடன்று. வணிகத்தாலும் உறவாலும் நெருங்கிய நாடு. அந்நாட்டில் வரலாற்றறிஞராகவும் அரசியலறிஞராகவும் விளங்கியவர் சர் பொன்னம்பலம் அருணாசலம். தமையனார் இராமநாதனின் பெரும்புகழ் இவரை ஓரளவு மறைத்துவிட்டது என்றே கூறவேண்டும்.

1853 செப்டம்பர் 14ஆம் நாள் கொழும்பில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் பயின்று, போட்டித் தேர்வின் வாயிலாக இலங்கை ஆட்சிப் பணியில் 1875இல் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார். 1901ஆம் ஆண்டின் குடிக்கணக்கை நடத்தியவர் இவரே. முப்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை இனவாரியாக எண்ணி எழுதிய அவ்வறிக்கை, வெறும் எண்களின் தொகுப்பன்று. வரலாறும் சமயமும் மொழியும் விரவிய நூல். 1906இல் இலங்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். தம் நாட்டு வரலாறு அறியாத கல்வி அவர்க்குக் கல்வியாகத் தோன்றவில்லை. பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கிளர்ச்சிக்கும் அவரே முதல்வர்.

1913இல் ஓய்வு பெற்றபின் அவர் ஆற்றிய தொண்டு நம் மாவட்டத்தார் நினைக்கத்தக்கது. தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் வழியே மலைத்தோட்டங்களுக்குச் சென்ற ஏழைகளைக் கடன் பிணித்திருந்தது. கடன்தொகை குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்கினால் சிறை! இக்கொடுமையை எதிர்க்க 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் கண்டார். துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

அதே 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசு தோன்றியது. சிங்களரும் தமிழரும் அவரையே முதல் தலைவராக ஏற்றனர். தமிழர் தலைவர்களை அவர் அதனுள் அழைத்து வந்தது, மேல் மாகாணத்தில் தமிழர்க்கு ஓர் இடம் தரப்படும் என்று 1918இல் சிங்களத் தலைவர்கள் எழுத்தில் அளித்த உறுதியை நம்பியே. 1921இல் அவ்வுறுதி காற்றில் விடப்பட்டது. ஓர் இடந்தானே என்பார் உளர். வாக்குறுதி அமானிதம் எனக் கற்ற நமக்கு அது சிறிதாகத் தோன்றாது. இனங்களை எண்ணியவர், அவற்றை ஒன்றாக்க முனைந்தவர், தாம் தோற்றுவித்த காங்கிரசை விட்டு வெளியேறினார். பின்னர்த் தமிழர்க்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். இதனை அவரது வீழ்ச்சி என்று எழுதுவோர், முதலில் முறிந்தது எவர் சொல் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

தமிழகத் திருத்தலங்களைக் காண வந்தவர், 1924 சனவரி 9ஆம் நாள் மதுரையில் காலமானார். அவர் வேண்டி நின்ற பல்கலைக்கழகம் 1942இல்தான் எழுந்தது. பேராதனையில் மாணவர் விடுதியொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.