வீணை தனம்மாளும் அவர் பேரப்பிள்ளைகளும்

காரைதீவு மண்ணிலே தோன்றிய விபுலாநந்த அடிகளார் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய யாழ்நூல், 1947-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். விஞ்ஞானம் கற்ற ஒரு பேரறிஞர் தம் உடல் நலத்தையும் பாராது இத்துணைப் பாடுபட நேர்ந்தது எதனால்? யாழ் என்னும் பெயர் நூல்களில் இருந்தது; அதன் ஒலியைக் கேட்டவர் எவரும் இல்லை. மீட்டிய கைகள் பிள்ளைகளின் கைகளில் அதனை வைத்துச் செல்லாத ஏதோ ஒரு தலைமுறையில் அது மறைந்து போயிற்று. அவ்விழப்பின் அளவை அடிகளார் பிறந்த ஊருக்கு அயலவராகிய நாம் பிறரினும் நன்கு அறிவோம். அப்படியோர் இழப்பு தம் வீட்டில் நேராமற் காத்த ஒரு பாட்டியாரின் வரலாற்றை இம்மலரில் எழுத எண்ணினோம்.

வீணை தனம்மாள் 1867-ஆம் ஆண்டு சென்னை ஜோர்ஜ் டவுணிலே பிறந்தார். அவருடைய பாட்டியார் காமாட்சி, தஞ்சை அரசவையில் ஆடிய நர்த்தகி. தாயார் சுந்தரம்மாள் சியாமா சாஸ்திரிகளின் புதல்வர் சுப்பராய சாஸ்திரிகளிடம் இசை பயின்றவர். ஆகவே தனம்மாளுக்கு முதற்பள்ளி வீடுதான்.

தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது. வீடும் வித்தையும் தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் இறங்கின. இதனை வேறிடத்து வாசகர்க்கு விளக்குவதற்குச் சில பக்கங்கள் வேண்டியிருக்கலாம், நமக்கு வேண்டியதில்லை. தாய்வழிக் குடி எண்ணி, வீட்டைப் பெண்ணுக்கு எழுதி, அம்மம்மாவின் மடியிலேயே பிள்ளைகளை வளர்க்கும் கரை நம்முடையது. இங்கே தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் தாலாட்டின் சொற்கள் பெண்வழியாகவே வந்திருக்கின்றன.

வீட்டுக் கல்வியோடு தனம்மாள் நின்றுவிடவில்லை. சாத்தனூர் பஞ்சு ஐயரிடம் தீட்சிதர் கிருதிகளையும், கண்பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாசரிடம் க்ஷேத்ரக்ஞரின் பதங்களையும் கற்றார். தர்மபுரி சுப்பராயர் ஜாவளிகள் இயற்றியபோது அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்களுள் இவர் முதன்மையானவர். வீணையை மீட்டிக்கொண்டே மெல்லிய குரலில் உடன் பாடுவது இவர் வழக்கம். நாதம் மிக மென்மையானது. பெரிய மண்டபங்களுக்கு ஏற்றதன்று. எனவே வித்துவான்கள் அவர் வீட்டைத் தேடி வந்தனர். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவ்வீட்டில் நடந்த வாசிப்பு சென்னை முழுவதும் பெயர் பெற்றது. சிறு சலசலப்பும் அங்கே கூடாது. இந்துஸ்தானி இசையின் பேராசான் அப்துல் கரீம் கானும் அங்கே வந்து கேட்டவர்தாம்.

தனம் என்பது செல்வத்தைக் குறிக்கும் சொல். பெயரில் இருந்த அச்செல்வம் பெட்டியில் தங்கவில்லை. முதுமையில் பார்வையும் மங்கியது. எனினும் அந்த வீட்டில் வேறொன்று பெருகிக்கொண்டே இருந்தது.

ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி என அம்மையாருக்கு நான்கு புதல்வியர். அவர்கள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் பாட்டியாரின் வீணை ஒலியிலேயே வளர்ந்தார்கள். அக்குழந்தைகளுக்கு இசை என்பது மணியடித்துத் தொடங்கும் வகுப்பு அன்று. சமையற்கட்டின் மணத்தைப் போல வீட்டில் எப்போதும் இருந்த ஒன்று. ஒரு பதத்தை எவ்வளவு நிதானமாகப் பாட வேண்டும், எந்தச் சுரத்தில் எவ்வளவு அசைவு போதும் என்பதெல்லாம் ஏட்டில் எழுத இயலாத காரியங்கள். கேட்டுக் கேட்டே அவை வரும். அருகில் இருந்து கேட்கப் பிள்ளைகள் இல்லாவிடின் அவை பாட்டியாரோடு போய்விடும்.

அக்காலம் அவர்களுக்குச் சாதகமானதாகவும் இல்லை. தேவதாசிக் குலத்தின் மீது சமுதாயம் காட்டிய ஏளனம் அவர்களுடைய கலையின் மீதும் விழுந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947-ல் சென்னை மாகாணத்திலே சட்டத்தால் நிறுத்தப்பட்டது. அது வேண்டிய சீர்திருத்தமே. ஆனால் அக்கலையைக் காத்துத் தந்த பெண்களை இழிவாகப் பேசியதை நாம் நியாயம் என்று கொள்ள மாட்டோம். நடனத்துக்குப் பெரும் எதிர்ப்பு மூண்டிருந்த அந்நாட்களிலேதான் ஜயம்மாள் தம் மகள் பாலசரஸ்வதியைக் கந்தப்பப் பிள்ளையிடம் ஆடல் பயில வைத்தார். 1925-ல், ஏழு வயதிலே, காஞ்சிபுரத்துக் கோயிலொன்றில் அச்சிறுமியின் அரங்கேற்றம் நிகழ்ந்தது. கொள்ளுப்பாட்டியாரின் தாயார் காமாட்சி ஆடிய ஆடல் அவ்வீட்டுக்குத் திரும்பி வந்தது.

பாலசரஸ்வதி பிற்காலத்தில் அபிநயம் பிடிக்கையில் தாமே பாடுவார். அந்தப் பாட்டில் வீட்டு வீணையின் சாயல் இருந்தது என்று இசையறிந்தோர் கண்டுகொண்டனர். அவர் கலை தோக்கியோவையும் எடின்பரோவையும் அடைந்தது. சத்தியஜித் ராய் அவரைப் பற்றி ஒரு படமே எடுத்தார்.

காமாட்சியின் புதல்வியரான பிருந்தாவும் முக்தாவும் இணைந்து பாடிப் பதங்களைக் காத்தனர். எம். எஸ். சுப்புலட்சுமி போன்ற பெரும் பாடகியரும் பதங்கள் கற்கப் பிருந்தாவிடம் வந்தார்கள். பேரன் சங்கரன் வானொலியில் பணியாற்றியவர். பாட்டியாரைப் பற்றி நிறைய எழுதியும் வைத்தார்.

தனம்மாள் 1938-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், 71-ஆம் வயதில், காலமானார். அப்போது பாலசரஸ்வதிக்கு வயது 20. அவர் தம்பியரான ரங்கநாதனுக்கு 13, விசுவநாதனுக்கு 11. பதினொரு வயதுப் பிள்ளையின் செவியில் என்ன தங்கியிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அந்தப் பிள்ளையே புல்லாங்குழல் விற்பன்னராகி, அமெரிக்காவிலே வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு இசை கற்பித்தார். ரங்கநாதனும் அங்கேயே மிருதங்கம் பயிற்றினார். (கல்முனை வெஸ்லிப் பாடசாலைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெயர் தந்தவர் ஒரே ஜோன் வெஸ்லிதான்.) சென்னைச் சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம் பாலசரஸ்வதிக்கு 1973-லும், பிருந்தாவுக்கு 1976-லும், விசுவநாதனுக்கு 1988-லும் கிடைத்தது.

கொலம்பியா கம்பெனியார் 1930-களில் பதிந்த இசைத்தட்டுகள் சில இருப்பதால் தனம்மாளின் வீணையை இன்றும் கேட்கலாம். 2010-ஆம் ஆண்டு இந்திய அஞ்சற்றுறை வெளியிட்ட முத்திரைகளில் பாட்டியாரும் இடம்பெற்றார், பேத்தியாரும் இடம்பெற்றார். பாலசரஸ்வதியின் மகள் லட்சுமியும் ஆடினார். லட்சுமியின் மகன் அநிருத்தர் தாயிடமே ஆடல் பயின்றார்.