தொடக் கூடாத நுண்ணோக்கி

குழந்தைகளே, மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்களா? அலை திரும்பியதும் மணலில் கறுப்புக் கோடுகள் தெரியும். அவற்றில் இருப்பவை இல்மனைட் போன்ற கனமான துகள்கள். இதே மணலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒருவிதமாகப் பார்த்தால், கறுப்பு இல்மனைட் பளிச்சென்றும் வெள்ளை மணல் மங்கலாகவும் தெரியும்! ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தக் கருவிக்கு வழிவகுத்தவரைப் பார்ப்போம்.

எர்ன்ஸ்ட் ரஸ்கா 1906 டிசம்பர் 25 அன்று ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பிறந்தார். அப்பாவின் அறையில் பெரிய நுண்ணோக்கி ஒன்று இருந்தது. பிள்ளைகள் கை பட்டால் கெட்டுவிடும் என்று தொட விடமாட்டார். அவராகக் காட்டும்போது எர்ன்ஸ்டும் தம்பி ஹெல்முட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். (செங்கல்பட்டில் எங்கள் பள்ளியில் இருந்த ஒரே நுண்ணோக்கியை நானும் பூட்டித்தான் வைத்திருந்தேன்!)

1931-இல் பெர்லினில் மாக்ஸ் நோல் என்பவருடன் சேர்ந்து, காந்தச் சுருள்களையே லென்ஸாக வைத்து, எலக்ட்ரான்களால் ஒரு கம்பி வலையைப் படம் எடுத்தார் ரஸ்கா. பெரிதானது சுமார் 17 மடங்குதான். நம் பள்ளி நுண்ணோக்கியே அதைவிட நன்றாகக் காட்டும். 1933-இல் அவர் செய்த அடுத்த கருவியோ 12,000 மடங்கு காட்டியது!

ஆனாலும் பணம் தர யாரும் முன்வரவில்லை. எலக்ட்ரான் பட்டால் பொருள் கருகிவிடும் என்று ஒதுக்கினார்கள். அவர் வைத்த பருத்தி இழை கருகியதும் உண்மைதான். ஆனால் ரஸ்கா வேறொன்றைக் கவனித்தார். மிக மெல்லிய தகடு எலக்ட்ரான்களை விழுங்குவதில்லை, சிதறடிக்கிறது. சிதறியவை படத்துக்கு வந்து சேராததால் அந்த இடம் இருட்டாகிறது. விழுங்காமலே இருட்டும் வெளிச்சமும் கிடைத்தால், பொருள் அவ்வளவாகச் சூடாகாது அல்லவா?

கேட்க ஆளில்லாமல் ஆண்டுகள் ஓடின. டாக்டரான தம்பிதான் கைகொடுத்தார். தம் மருத்துவப் பேராசிரியரிடம் பேசி, நோய்களை ஆராய இக்கருவி உதவும் என்று எழுதி வாங்கினார். 1937-இல் சீமென்ஸ் நிறுவனம் சம்மதித்தது. 1939-இல் கருவி தயார். ஹெல்முட் அதில் வைரஸ்களைப் படம் பிடித்தார்.

ரஸ்காவுக்கு நோபல் பரிசு 1986-இல்தான் கிடைத்தது. வயது 79! நோலும் ஹெல்முட்டும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1988 மே 27 அன்று ரஸ்காவும் காலமானார்.

சரி, கறுப்பு மணலுக்கு வருவோம். பிறகு வந்த ஸ்கேனிங் வகைக் கருவியில் எலக்ட்ரான் கற்றை பொருளின்மேல் வரிவரியாக ஓடும். இல்மனைட்டில் உள்ள இரும்பு, டைட்டானியம் அணுக்கள் மணலில் உள்ள சிலிக்கனைவிடக் கனமானவை. அவை அதிக எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் பளிச்!

ரஸ்காவின் கருவிக்குள் காற்று இருக்கக் கூடாது. ஈரப் பொருள் உலர்ந்து சுருங்கிவிடும். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் டானிலாட்டோஸ் என்பவர், உள்ளே கொஞ்சம் நீராவியை விட்டே பார்க்க வழி செய்தார். பொருளிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான் நீராவியில் மோதி, இன்னும் பல எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அப்படிப் பெருகியதுதான் படமாகிறது. கோவளத்தில் பொறுக்கிய குட்டிக் கிளிஞ்சலை ஈரம் துடைக்காமலே அதற்குள் வைக்கலாம்.