கோவில் கூரையில் ஒரு தொலைகாட்டி
ஆஞ்செலோ செக்கி அடிகளாரின் வரலாறு

உரோமாபுரியிலுள்ள அர்ச். இஞ்ஞாசியார் தேவாலயத்துக்குள் செல்பவர்கள் அண்ணாந்து பார்த்து அதிசயிக்கும் குவிமாடம் ஒன்று உண்டு. உண்மையில் அங்கே குவிமாடம் இல்லை. கட்டப்படாமற் போன குவிமாடத்துக்குப் பதிலாக இயேசு சபைச் சகோதரர் அந்திரேயா பொட்சோ 1685ஆம் ஆண்டில் சீலையிலே தீட்டிய ஓவியமே அது. ஆனால், அதைத் தாங்குவதற்கென எழுப்பிய பருத்த தூண்கள் சுமப்பதற்கு ஒன்றுமின்றி நின்றன. ஏறக்குறைய 170 ஆண்டுகளின் பின் ஒரு குருவானவர் அத்தூண்களுக்கு வேலை கொடுத்தார். அசையாத அடித்தளம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. கோவிலின் கூரை மேலேயே தமது பெரிய தொலைகாட்டியை நிறுத்தினார். அவர்தான் ஆஞ்செலோ செக்கி அடிகளார்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரில் 1818ஆம் ஆண்டு ஒரு தச்சனின் மகனாகப் பிறந்தார். தாயார் காரியக்காரி, மகனுக்குத் தையலும் பின்னல் வேலையும்கூடக் கற்பித்து வைத்தார். இழையைக் கோத்துப் பழகிய அந்த விரல்கள் பின்னாளில் கருவிகளின் நுண்ணிய திருகுகளுக்கு நன்றாகவே பழகிக்கொண்டன. 15 வயதில் இயேசு சபையிற் சேர்ந்து, லொரேட்டோவில் பௌதிகம் கற்பித்து, 1847இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே உரோமாபுரியில் எழுந்த புரட்சியால் இயேசு சபையினர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி, அமெரிக்காவில் ஜோர்ஜ்ரவுன் கல்லூரியில் ஆசிரியரானார். அக்கல்லூரிக்கு வானாய்வு நிலையமும் இருந்தது. துரத்தப்பட்டவர் அங்கே வெறுமனே இருக்கவில்லை.

1849இன் இறுதியில் உரோமைக்குத் திரும்பி, உரோமைக் கல்லூரியின் வானாய்வு நிலையத்துக்குப் பொறுப்பாளரானார். அங்கேயிருந்த கோஷுவா தொலைகாட்டி ஆறு அங்குல வில்லை கொண்டது. 1854இல் மியூனிக் நகரின் மேர்ஸ் நிறுவனத்திலிருந்து அதனிலும் பெரியதொன்று வந்து சேர்ந்தது. அதன் முன்வில்லை 24 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலமுள்ளது; குவியத்தூரம் 4.3 மீற்றர்.

தொலைகாட்டி என்றதும் நாம் முன்னாலுள்ள பெரிய வில்லையையே நினைக்கிறோம். அது ஒளியைத் திரட்டிச் சிறு பிம்பம் ஒன்றை உண்டாக்குவதோடு சரி. அப்பிம்பத்தை எப்படிப் பார்ப்பது என்பதைக் குழாயின் மறுமுனையிலுள்ள பார்வைத்துண்டுதான் தீர்மானிக்கிறது. கணக்கு இலகுவானது: முன்வில்லையின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது வரும். மேர்ஸ் தொலைகாட்டியில் 43 மில்லிமீற்றர்த் துண்டு 100 மடங்கு பெருக்கும், 4.3 மில்லிமீற்றர்த் துண்டு 1000 மடங்கு. அப்படியானால் எப்போதும் பெரியதையே பொருத்தலாமே என்று தோன்றும். ஆனால் பிம்பம் பெருகப் பெருக ஒளி பரந்து மங்கும். பார்வைக்குள் அடங்கும் வானமும் குறுகும். காற்றின் நடுக்கமும் சேர்ந்தே பெருகும். ஆகவே வியாழனுக்கும் சந்திரனின் மலைகளுக்கும் ஒரு துண்டு, மங்கலான நெபுலாக்களுக்கு வேறொரு துண்டு, காற்று கலங்கிய இரவுக்கு இன்னொன்று என்று மாற்றிக்கொள்ள வேண்டும். (இன்று கடைகளில் 6 சென்ரிமீற்றர்த் தொலைகாட்டியின் பெட்டியிலே 500 மடங்கு என்று அச்சிட்டு விற்கிறார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அந்த எண்ணை நம்பவேண்டாம். அவ்வளவு சிறிய வில்லைக்கு 120 மடங்கே தாராளம்.)

நல்ல காற்றுள்ள இரவுகளில் செக்கி அடிகளார் சந்திரனிலுள்ள கொப்பேர்னிக்கஸ் பள்ளத்தை நுணுக்கமாக வரைந்தார். 1858இல் செவ்வாயை நிறத்தோடு தீட்டினார். அதிலிருந்த கருமையான ஒரு பகுதிக்கு அத்திலாந்திக் கால்வாய் என்று அவர் இட்ட பெயரிலுள்ள கால்வாய் என்ற சொல் பின்னர் வேறு ஆட்களின் கையில் என்ன பாடுபட்டது என்பது தனிக் கதை.

கண் காண்பதைக் கை வரைகிறது. இரண்டுக்கும் நடுவே மனம் புகுந்து எதையாவது சேர்த்துவிடலாம். இந்தச் சங்கடம் 1860இல் பெரிதாக எழுந்தது. பூரண சூரிய கிரகணத்தின்போது சந்திரனின் கரிய விளிம்பைச் சுற்றிச் சிவந்த சுவாலைகள் தெரிவதை 1842இலும் 1851இலும் பலர் கண்டிருந்தார்கள். அவை சூரியனுடையவையா, சந்திரனுடையவையா, அன்றி வெறும் பார்வை மயக்கமா என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடில்லை. அந்த ஆண்டு ஜூலை 18ஆம் திகதி ஸ்பெயினில் பூரண கிரகணம். மூன்று நிமிடமளவே இருள் நிற்கும்.

ஆங்கிலேயரான வாரன் டி லா ரூ வடக்கே ரிவபெல்யோசாவில் முகாமிட்டார். செக்கி அடிகளார் கோஷுவா தொலைகாட்டியைக் கடல் கடந்து கொண்டுபோய், கிழக்குக் கரையருகே கர்மேல் சபைத் துறவிகள் வாழும் தெசியெர்த்தோ தெ லாஸ் பால்மாஸ் மலையில் நிறுத்தினார். இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இருவரும் புகைப்படம் எடுக்கவே வந்தார்கள். ஆனால் வழி வேறு. டி லா ரூவின் கருவியில் முன்வில்லை தரும் சூரிய பிம்பம் 1.2 சென்ரிமீற்றர்தான். அதைப் பார்வைத்துண்டு போன்ற இரண்டாவது வில்லைத் தொகுதியினூடாகச் செலுத்தி, எட்டு மடங்கு பெருக்கி, 10 சென்ரிமீற்றராகத் தட்டில் விழுத்தினார். நுணுக்கம் நன்றாகத் தெரியும். ஆனால் அதே ஒளி அறுபது மடங்குக்கு மேற்பட்ட பரப்பில் சிதறிவிடும். ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முழு நிமிடம் வேண்டியிருந்தது. செக்கி அடிகளார் பார்வைத்துண்டைக் கழற்றிவிட்டு, குவியத்திலேயே தட்டை வைக்கும் வழியைத் தெரிந்துகொண்டார். பிம்பம் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான சிறு வட்டம்தான். ஆனால் ஒளி செறிவானது. வலென்சியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மொன்செராத் தட்டுகளைக் கவனித்துக்கொண்டார். அக்காலத்து ஈரத் தட்டைக் காயமுன் பூசி, காட்டி, கழுவ வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் ஒன்று பிழைத்தால் அதைத் திருத்த மறுகிரகணம்தான் கதி.

பிழைக்கவில்லை. இரண்டு இடத்துப் படங்களையும் ஒப்பிட்டபோது அதே சுவாலைகள் அதே வடிவில், சூரியனைச் சுற்றி அதே இடங்களில் இருந்தன. சந்திரன் நகர நகர ஒரு பக்கத்துச் சுவாலைகள் மறைந்து, மறுபக்கத்தவை வெளிப்பட்டன. அவை சூரியனுக்கே உரியவை என்பது உறுதியாயிற்று. ஒருவருடைய படம் மட்டும் இருந்திருந்தால், கருவியின் கோளாறு என்று சொல்லிவிட இடமிருந்திருக்கும். வெவ்வேறு விதமாய் அமைந்த இரண்டு கருவிகளும் ஒன்றையே காட்டியதால் அந்த வாதம் எடுபடவில்லை.

1863 முதல் அவர் இன்னும் துணிந்தார். தொலைகாட்டியில் அரியத்தைச் சேர்த்து நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். பின்னர் பெரியதோர் அரியத்தை முன்வில்லைக்கு முன்னாலேயே பொருத்தினார். இவ்வாறு நாலாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை ஆராய்ந்து வகுத்தார்: சிரியசு, அபிசித்து போன்ற வெண்மையானவை, சூரியனையும் சுவாதியையும் போன்ற மஞ்சள் நிறத்தவை, திருவாதிரை, கேட்டை போன்ற செந்நிறத்தவை, 1868இல் கரிமத்தின் அடையாளம் காட்டும் கடுஞ்சிவப்பானவை. இத்தனையையும் கண்ணால் பார்த்தே செய்தார். அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்தினர் 1880களில் முன்வில்லைக்கு முன் அரியம் வைக்கும் அதே முறையைக் கொண்டு, கண்ணுக்குப் பதிலாகப் புகைப்படத் தட்டை வைத்து, பெரும் அட்டவணை தயாரித்தனர்.

கடலியலாருக்கு அவர் பெயர் வேறு விதமாகப் பழக்கம். 1865இல் பாப்பரசரின் கப்பலிலிருந்து வெள்ளைத் தட்டுகளைக் கடலில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் அவை கண்ணுக்கு மறைகின்றன என்று அளந்தார். நீரின் தெளிவை அளக்க இன்றும் பயன்படும் அந்தத் தட்டு செக்கித் தட்டு எனப்படுகிறது.

1870இல் இத்தாலியப் படைகள் உரோமாபுரியைக் கைப்பற்றின. புதிய அரசு அவருக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை நீட்டியது. பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் மீது கொண்ட விசுவாசத்தை முன்னிட்டு அவர் அதில் நிலைக்கவில்லை. 1873இல் உரோமைக் கல்லூரியே சபையினரின் கையை விட்டுப் போயிற்று. உலகமெங்கும் அவருக்கிருந்த பெயரினால் வானாய்வு நிலையத்தில் மட்டும் அவரை இருக்க விட்டார்கள். கீழே எல்லாம் கைமாறிப்போக, மேலே கூரையில் அவர் சூரியச் சுவாலைகளை நாள்தோறும் வரைந்துகொண்டிருந்தார்.

1878 பெப்ரவரி 7ஆம் திகதி பாப்பரசர் காலமானார். அதே மாதம் 26ஆம் திகதி, இரைப்பைப் புற்றுநோயால் வருந்திய செக்கி அடிகளாரும் 59ஆம் வயதில் கண்மூடினார். அடுத்த ஆண்டு அரசு வானாய்வு நிலையத்தையும் எடுத்துக்கொண்டது.