மைக்கல் லாண்டன்: வெட்கத்தைக் கதையாக்கிய கலைஞன்

பிலடெல்பியாவிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்தால் சில மைல் தூரத்தில் நியூ ஜேர்சி மாநிலத்தின் கொலிங்ஸ்வூட் என்ற சிறுபட்டினம் வரும். 1940களில், பாடசாலை விட்டதும் அந்தப் பட்டினத்துத் தெருக்களில் ஒரு சிறுவன் தலைதெறிக்க வீட்டுக்கு ஓடுவான். இரவில் படுக்கையை நனைத்துவிடும் பிள்ளை அவன். நனைந்த விரிப்பைத் தாய் ஊர் பார்க்க யன்னலில் தொங்கவிட்டிருப்பார். கூடப் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதற்கு முன் அதை இழுத்து எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த ஓட்டம்.

அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகம் முழுவதும் அறியப்பட்ட தொலைக்காட்சி நடிகரும் இயக்குநருமான மைக்கல் லாண்டன்.

இயற்பெயர் யூஜின் மொரிஸ் ஓரோவிட்ஸ். 1936 ஒக்டோபர் 31 அன்று நியூ யோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் பிறந்தார். தந்தை யூதர், திரையரங்குகளோடும் பட விளம்பரத்தோடும் தொழில் செய்தவர். தாய் கத்தோலிக்கர், ஒரு காலத்தில் மேடை நடிகை. யூஜினுக்கு நான்கு வயதாக இருக்கும்போது குடும்பம் கொலிங்ஸ்வூட்டுக்குக் குடிவந்தது. அங்கே யூதக் குடும்பங்கள் மிகக் குறைவு. யூதப் பையன் என்பதற்காகவே தங்கள் பெண்பிள்ளைகளை அவரோடு பழகவிடாத தகப்பன்மார் இருந்தார்கள்.

வீட்டுக்குள் நிலைமை அதைவிட மோசம். தாய்க்கு மனநலப் பாதிப்பு. பலமுறை உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஒருமுறை கடற்கரையில் அவரைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றியதே மகன்தான். அந்த நோய்க்குப் பெயர் சொல்லவும் மருத்துவம் தேடவும் அன்றைய அமெரிக்காவிலேயே குடும்பங்கள் தயங்கின. எங்கள் வீடுகளில் இன்றும் அந்தத் தயக்கம் தீர்ந்துவிட்டதென்று யார் சொல்ல முடியும்?

வீட்டுக்கு ஓடிய கால்கள் அவரை விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுபோயின. ஈட்டி எறிதலில் அவருக்கு இயல்பான திறமை இருந்தது. 1954இல் அவர் எறிந்த ஈட்டி 193 அடிக்கு மேல் போய் விழுந்தது. அந்த ஆண்டு நாட்டின் உயர்பாடசாலை மாணவர்களில் அவ்வளவு தூரம் எறிந்தவர் வேறு எவரும் இல்லை. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் புலமைப்பரிசில் கொடுத்து அழைத்தது. ஆனால் அங்கு போன சிறிது காலத்திலேயே தோள் தசைநார் கிழிந்தது. ஈட்டியும் போயிற்று, படிப்பும் போயிற்று.

அதன் பிறகு கிடைத்த வேலையைச் செய்தார். பண்டகசாலையில் பொதி இறக்கினார். அங்கே கூட வேலை செய்த ஒருவர் நடிப்புத் தேர்வுக்குப் போகிறேன், துணைக்கு வா என்று அழைக்க, போன இடத்தில் வாய்ப்பு இவரைத் தேடி வந்தது. தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பெயரைத் தெரிந்தெடுத்தார். ஓரோவிட்ஸ் லாண்டன் ஆனார். வாயில் நுழையவில்லை என்று பெயரைச் சுருக்கிக்கொண்ட எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1957இல் ஓநாய் மனிதனாக மாறும் பதின்வயதுப் பையனாக ஒரு மலிவுப் பேய்ப்படத்தில் நடித்தார். படத்தைப் பார்த்துப் பலர் சிரித்தாலும் முகம் பதிந்துவிட்டது.

1959 செப்டெம்பர் 12 அன்று என்பிசி தொலைக்காட்சியில் 'பொனான்சா' தொடங்கியது. வர்ணத்தில் படமாக்கப்பட்ட ஆரம்பகால ஒருமணிநேரத் தொடர்களில் அது ஒன்று. நெவாடாவின் பெரிய பண்ணை ஒன்றில் தந்தையும் மூன்று மகன்மாரும் வாழும் கதை. கடைக்குட்டி லிட்டில் ஜோவாக லாண்டன் நடித்தார். தந்தையாக நடித்த லோர்ன் கிறீன் கனடாவின் ஒட்டாவாவில் பிறந்தவர், ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகளின் மகன். அசல் அமெரிக்கக் குடும்பம் என்று நாடே நம்பிப் பார்த்த வீட்டில் தந்தையும் கடைசி மகனும் யூதப் பின்னணியில் வந்தவர்கள் என்பதை அன்று பலர் யோசித்திருக்கமாட்டார்கள்.

நல்ல சம்பளமும் புகழும் வந்தபின் பல நடிகர்கள் அதோடு நின்றுவிடுவார்கள். லாண்டன் நிற்கவில்லை. 1962இல் கைவசம் கதைவசனம் இல்லாமல் படப்பிடிப்பு நிற்கும் நிலை வந்தது. ஒரு வார இறுதியில் உட்கார்ந்து தாமே ஓர் அத்தியாயத்தை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அது படமாயிற்று. கமெரா எங்கே நிற்கிறது, ஒளி எப்படி விழுகிறது என்று படப்பிடிப்புத் தளத்திலேயே பார்த்துப் பழகினார். 1968இல் முதன்முதலாக ஓர் அத்தியாயத்தை எழுதி இயக்கினார். அவர் படித்த திரைப்படக் கல்லூரி அந்த வேலைத்தலம்தான்.

1972 மே மாதத்தில் இடி விழுந்தது. நடு அண்ணன் ஹொஸ்ஸாக நடித்த டெக்சாஸ்காரர் டான் புளொக்கர், சத்திரசிகிச்சைக்குப் பின் 43 வயதில் திடீரென்று இறந்துபோனார். ஹொஸ்ஸின் திருமணத்துக்கென்று லாண்டன் எழுதி வைத்திருந்த கதையை லிட்டில் ஜோவுக்கு மாற்றி, தாமே நடித்து இயக்கினார். மனைவியைப் பறிகொடுத்து அழும் ஜோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குடும்பம் யாரை நினைத்து அழுதது என்று. 14 பருவங்கள் ஓடிய தொடர் 1973 ஜனவரியில் முடிந்தது.

அடுத்த ஆண்டே 'லிட்டில் ஹவுஸ் ஒன் த பிரெய்ரி' வந்தது. லோரா இங்கல்ஸ் வைல்டரின் நூல்களைத் தழுவிய தொடர். தந்தை சார்ள்ஸ் இங்கல்ஸாக லாண்டன் நடித்தார். தயாரித்தார், எழுதினார், எண்பதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களை இயக்கினார். 'பொனான்சா'வில் கூட வேலை செய்த ஒளிப்பதிவாளர், தொழிலாளர் பலரையும் தம்மோடு அழைத்து வந்தார். அவர்களில் பலர் கடைசிவரை அவரோடு இருந்தார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். நூலில் உள்ள வறுமையை அப்படியே காட்டவேண்டும் என்ற சக தயாரிப்பாளர் எட் பிரெண்ட்லியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. உண்மையான இங்கல்ஸ் குடும்பம் கன்சாஸில் குடிசை போட்ட நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது. காணி இழந்த எங்களால் அந்தக் கதையை ஓசேஜ் மக்களின் பக்கத்திலிருந்தும் பார்க்காமல் இருக்க முடியாது. சொந்த வாழ்விலும், குடும்பப் பாசத்தைத் திரையில் போற்றியவர் இரண்டு தடவை மணமுறிவு செய்தார். தொடரின் ஒப்பனைக் கலைஞர் ஒருவருக்காக இரண்டாம் மனைவியைப் பிரிந்தபோது இரசிகர் பலர் மனம் நொந்தார்கள்.

1976இல் அவர் எழுதி இயக்கிய தொலைக்காட்சிப் படம் 'த லோன்லியஸ்ட் ரன்னர்'. படுக்கையை நனைக்கும் சிறுவனும், யன்னலில் தொங்கும் விரிப்பும், வீட்டை நோக்கிய ஓட்டமும்தான் கதை. நாற்பது வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது, தம்முடைய மிகப் பெரிய வெட்கத்தை நாட்டின் முன் விரித்து வைத்தார். பயத்திலும் மன அழுத்தத்திலும் பிள்ளைகள் படுக்கையை நனைப்பதுண்டு. ஷெல் சத்தத்துக்குள் வளர்ந்து வந்த எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் இதற்காக ஏச்சு வாங்கினார்கள்? பெற்றோர் பார்க்கவேண்டிய படம் அது.

'லிட்டில் ஹவுஸ்' முடிந்த விதமும் எங்களுக்கு நெருக்கமானது. கலிபோர்னியாவின் சிமி பள்ளத்தாக்கில் குத்தகைக் காணியில் அந்த ஊரைக் கட்டியிருந்தார்கள். முடிந்ததும் நிலத்தைப் பழையபடி திருப்பிக் கொடுப்பது ஒப்பந்தம். அந்த இடிப்பையே லாண்டன் கதையாக்கினார். 1984இல் ஒளிபரப்பான படத்தில், ஊர் நிலம் முழுவதற்கும் தானே உரிமையாளன் என்று ஒரு செல்வந்தன் வருகிறான். தாங்கள் கட்டியதை அவனுக்கு விட மனமில்லாத ஊரவர்கள் ஒவ்வொரு கட்டடமாக வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். தேவாலயமும் அந்தச் சின்ன வீடும் மட்டும் மிஞ்சுகின்றன. பத்து ஆண்டுகள் அங்கே வேலை செய்தவர்களுக்கு அந்தக் கண்ணீர் நடிப்பாக இருந்திருக்காது. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த வீட்டைப் பல வருடங்களின் பின் தேடிப்போய் வெறும் வளவைக் கண்டவர்கள் இதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். திரையிலே ஊரவர்களே இடித்தார்கள். எங்கள் ஊரில் அந்த உரிமைகூட எங்களுக்கு இருக்கவில்லை.

1984 முதல் 1989 வரை 'ஹைவே டு ஹெவன்' தொடரில் மனிதருக்கு உதவ வரும் தேவதூதனாக நடித்து, பெரும்பாலான அத்தியாயங்களைத் தாமே இயக்கினார். மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளருக்கும் அதில் இடம் கொடுத்தார்.

1991 ஏப்ரலில் அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஈரலுக்கும் பரவியிருந்தது. பத்திரிகைகள் வதந்தி எழுதுமுன் தாமே மலிபு வீட்டுக்குச் செய்தியாளர்களை அழைத்துச் சொன்னார். மே மாதம் ஜோனி கார்சனின் நிகழ்ச்சிக்குப் போய் நோயைப் பற்றியும் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். 1991 ஜூலை 1 அன்று, 54 வயதில் காலமானார். ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பன்.

தம் விரிப்பை மற்றவர் பார்த்துவிடக்கூடாது என்று ஓடிய பிள்ளை, வளர்ந்தபின் அதைத் தானே எல்லோருக்கும் எடுத்துக் காட்டினான். எங்கள் வீடுகளிலும் மடித்து ஒளித்து வைத்த கதைகள் இருக்கின்றன: தாயின் நோய், தகப்பனின் குடி, பயணத்தில் பட்ட அவமானம். அவற்றைச் சொல்ல எங்கள் பிள்ளைகளில் ஒருவர் கமெராவையோ பேனாவையோ எடுத்தால், குடும்ப மானம் போய்விட்டதென்று தடுக்காமல் இருப்போம்.